வெடிமருந்தில் பிறந்த வாசனை

சென்ட் கடைகளில் 'பவுடரி மஸ்க்' என்று ஒரு ரகம் காட்டுவார்கள். தங்க மூடி, குண்டு பாட்டில். அட்டையில் பழைய ஹாலிவுட் நடிகை ஜாடையில் ஒரு பெண் சோபாவில் சாய்ந்திருப்பாள். விலையைக் கேட்டதும் நாமும் சாய்வோம்.

கடையில் கொடுத்த சாம்பிள் அட்டையை என் அத்தையிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, ''இதுக்கா இவ்ளோ காசு? எங்க காலத்துல பவுடர் டப்பாவைத் திறந்தா இதே வாசனைதான்டா வரும்'' என்றாள்.

அத்தை கெமிஸ்ட்ரி படித்ததில்லை. ஆனாலும் சொன்னது சரி. முகப் பவுடருக்கென்று சொந்தமாகப் பெரிய வாசனை எதுவும் கிடையாது. அந்தக் காலத்துக் கம்பெனிகள் அதில் ஐரிஸ் கிழங்கு, வயலட் பூ, வெனிலா இவற்றின் மணத்தைக் கலந்தார்கள். ஐரிஸ் கிழங்கைத் தோண்டி வருஷக்கணக்கில் காயப் போட்டால்தான் மணக்கும். சில ஆபீஸ் ஃபைல்கள் மாதிரி, கிடக்கக் கிடக்கத்தான் மதிப்பு. வயலட் வாசனையை 1893-லேயே ஜெர்மனியில் 'அயனோன்' என்று ரசாயனமாகத் தயாரித்துவிட்டார்கள். லிப்ஸ்டிக்குக்கும் ரோஜாவோடு அதுதான் போனது. தலைமுறை தலைமுறையாக மூக்குகள் பழகிவிட்டதால், இன்று ஒரு சிட்டிகை பவுடர் இல்லாத திரவமும் 'பவுடர்' என்று மணக்கிறது.

மஸ்க் என்பது நம்ம கஸ்தூரி. இமயமலைப் பக்கத்து ஆண் கஸ்தூரி மானின் வயிற்றுக்கடியில் உள்ள ஒரு சின்னப் பை. ஒரு பையில் சுமார் 25 கிராம் தேறும். அதாவது கிலோவுக்கு 40 மான். பி.காம். படித்தவன் சொல்கிறேன், கணக்கு அதோடு முடியவில்லை. கண்ணிக்கு ஆண், பெண் தெரியாது. பெண் மானும் குட்டியும் சேர்ந்தே செத்தன. (கஸ்தூரி மஞ்சளுக்கும் மானுக்கும் சம்பந்தமில்லை. தைரியமாகப் பூசலாம்.)

1888-ல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி டி.என்.டி. ஜாதி வெடிமருந்து ஒன்றைத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார். கிடைத்த பொருளில் குப்பென்று கஸ்தூரி வாசனை! மான் விலை கொடுக்க முடியாதவர்களின் சோப்பிலும் சென்ட்டிலும் அந்த வம்சத்து மஸ்க்குகள் புகுந்தன. சென்ட் உலகத்தின் சூப்பர் ஸ்டார் ஷனேல் நம்பர் 5, 1921-ல் வந்தது. இரவில் படுக்கப் போகும்போது தான் அணிவது அதைத்தான் என்று மர்லின் மன்றோ பத்திரிகைக்காரரிடம் சொன்னார். அதற்குமேல் விளம்பரம் எதற்கு?

பளபளப்புக்குப் பில் பிறகுதான் வந்தது. 'மஸ்க் அம்பிரெட்' தடவிய தோலில் வெயில் பட்டால் சிலருக்குத் தடித்தது. சோதனை மிருகங்களுக்கு நரம்பு பாதித்தது. 1995-ல் ஐரோப்பாவில் அதற்குத் தடை. 'மஸ்க் சைலீன்' சுலபத்தில் அழியாத ரகம். சலவைத் தண்ணீரோடு ஆற்றுக்குப் போய், மீனில் ஏறியது. தாய்ப்பாலிலும் கண்டுபிடித்தார்கள். அழகுக்காக அம்மா போட்டுக்கொண்டதற்குக் குழந்தையின் கணக்கில் பற்று! 2014-ல் ஐரோப்பா அதற்கும் கதவைச் சாத்தியது.

இப்போது பாட்டில்களில் இருப்பது பெரும்பாலும் வேறு குடும்பத்து மஸ்க்குகள். அவற்றில் ஒன்றான 'கேலக்ஸோலைடு' துணி சோப்புத்தூளிலும் உண்டு. நாம் 'சுத்தமான வாசனை' என்பது பல சமயம் இதைத்தான். மான்? இந்தியாவில் 1972 சட்டப்படி வேட்டைக்குத் தடை. இருந்தும் திருட்டு வேட்டை நிற்கவில்லை. சென்ட்டுக்கு மாற்று வந்துவிட்டது. நாட்டு மருந்துக்கு அசல்தான் வேண்டும் என்கிறார்கள்.

அதனால் யாராவது ரகசியக் குரலில், ''ஒரிஜினல் கஸ்தூரி சார்'' என்றால், அது பொய்யாக இருந்தால் உங்கள் பணம் போச்சு. நிஜமாக இருந்தால் மானும் போச்சு, நீங்களும் ஜெயிலுக்குப் போகலாம்.

வாலிப நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. மஸ்க் மூலக்கூறுகள் பெரிய சைஸ். சில மூக்குகளுக்குச் சில மஸ்க் அறவே தெரியாது. 'வாசனையே வரலையே' என்று நாலைந்து தடவை அடித்துக்கொண்டு ஆபீஸ் லிஃப்டில் ஏறாதீர்கள். உங்களுக்குத்தான் தெரியவில்லை, எட்டாவது மாடி வரை தெரிகிறது.

ரெண்டே ரெண்டு ஸ்ப்ரே. அதைத் தாண்டினால் அது மறுபடி வெடிமருந்து!