எந்த மேட்டுக்குடி?

"ஊரடங்கு மனச்சோர்வெல்லாம் வசதியானவர்களின் வியாதி, அன்றாடங்காய்ச்சிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?" இன்னும் இப்படிப் பேசுகிறார்கள்.

ஒன்று: தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2021இல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004 பேர், அதாவது நாலில் ஒருவர். எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்டவில்லை. ஆனால் இவர்கள் எந்த மேட்டுக்குடி?

இரண்டு: உழைப்பே மருந்தாம். 2020 மார்ச் 24 இரவு, நாலு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கை அறிவித்து அந்த மருந்தைப் பிடுங்கியது யார்?

மூன்று: அன்றாடங்காய்ச்சிகள் மருத்துவரிடம் வரவில்லையாம். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு குழுக்கடன் தவணைக்கு ஓடியவள் எந்தக் கணக்கில் வருவாள்? அவள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அரைநாள் கூலியை யார் கொடுப்பது, நீங்களா?