இரத்தப் பரிசோதனைத் துண்டும் வாராந்தக் குளிசையும்

காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கக் கை கூடவில்லை. ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னரே கை வழிக்கு வருகின்றது. வெங்காயம் நடும் பெண்ணோ பனையோலை பின்னும் தாயோ இப்படிச் சொன்னால், "வாதந்தான், எண்ணெய் போடு" என்பதே எமது கிராமங்களில் முதற் பதில். பாமசியில் நோக்குளிசை வாங்கி மாதங்களைக் கடத்துகின்றோம். அந்த மாதங்களிலேயே மூட்டு அழியத் தொடங்குகின்றது.

முடக்குவாதம் முதுமையின் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. ஆண்களிலும் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கின்றது. முப்பது வயதிலும் வரும்.

இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பலர் தீர்ப்பாகவே கொள்கின்றனர். அது தவறு. 'றுமற்றோயிட் காரணி' நோயாளரில் நூற்றுக்கு 70 முதல் 80 பேரிடமே காணப்படும். ஆகவே 'இல்லை' என்று வந்தாலும் நோய் இருக்கலாம். வேறு தொற்று உள்ளவரிடத்தும், சுகமாயிருக்கும் முதியவரிடத்தும் அது காணப்படுவதால், 'உண்டு' என்று வந்தாலும் நோய் இல்லாதிருக்கலாம். 'அன்ரி சி.சி.பி.' பரிசோதனை இதனிலும் நம்பத்தக்கது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்பன உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும்; எந்த நோயால் என்று காட்டமாட்டா. 2006இன் பிற்பகுதியில் குடாநாட்டில் சிக்குன்குனியா பரவியதை நாம் மறக்கவில்லை. அந்தக் காய்ச்சல் விட்ட பின்னரும் மூட்டுநோ மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. முடக்குவாதம் போலவே தோன்றும். துண்டோடு, மூட்டைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரும் வேண்டும்.

மருந்திலும் தெளிவு வேண்டும். 1948இல் அமெரிக்காவில் கோட்டிசோன் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தனர். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீண்டகாலம் எடுத்தால் எலும்பு மெலியும், சீனி வியாதியும் இரத்த அழுத்தமும் கூடும் என்பது பின்னர் தெரிந்தது. பழைய துண்டைக் காட்டி ஸ்ரெரோயிட் வாங்கி விழுங்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்று அடிப்படை மருந்து மெதோற்றெக்சேற். விலை குறைந்தது, உரிய காலத்தில் தொடங்கினால் மூட்டைக் காக்கும். ஆனால் அது கிழமைக்கு ஒருநாள் மட்டுமே எடுக்கும் மருந்து. தவறி நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அத்துடன் போலிக் அசிட் குளிசையும் கொடுக்கப்படும். கருவுற்ற பெண்கள் மெதோற்றெக்சேற் எடுக்கலாகாது. ஈரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் என்பவற்றைத் தொடக்கத்தில் சில கிழமைகளுக்கு ஒருமுறையும், பின்னர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் கண்டால் அடுத்த குளிசையை எடுக்காமல் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இங்கேதான் எமது ஆதங்கம். நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பேருந்தில் யாழ்ப்பாணம் சேர்வதற்குள் காலை கழிந்துவிடும். வீக்கம் கொண்ட கால்களுடன், ஒருநாட் கூலியையும் இழந்து, சிறிதளவு இரத்தம் கொடுப்பதற்காக அவர் அலைய வேண்டுமா? ஊர் வைத்தியசாலையிலேயே இரத்தத்தை எடுத்து, மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் அனுப்பி, முடிவைத் தொலைபேசியில் அறிவித்தால் என்ன? அலைச்சலுக்கு அஞ்சிப் பரிசோதனையை விடுபவர், நாளடைவில் மருந்தையும் விட்டுவிடுவார்.

இன்னொன்று, மொழி. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அந்த மண்ணில், "கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு மட்டும்" என்று மருந்து உறையில் தமிழில் எழுதுவது பெரிய காரியமா? அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கும்.

மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் செய்யக்கூடியதும் உண்டு. விரல் மூட்டுகள் ஆறு கிழமைக்கு மேல் வீங்கியிருந்தால், எண்ணெயோடு நிற்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கிளினிக் கொப்பியை வாசித்துக் காட்டுங்கள். உழைத்து வாழும் எம் மக்களுக்குக் கைகளே முதல். அந்த முதலைக் காப்பதும் அபிவிருத்தியே என்பது எமது கருத்து.