சங்கீதம் கீழே இறங்கி வரவில்லை

"கர்நாடக சங்கீதத்தைப் பாமரனுக்கும் கொண்டு சேர்த்தவர் இளையராஜா." மேடைதோறும் கேட்கும் இந்தப் பாராட்டை நாங்கள் ஏற்கவில்லை. மேலே ஓர் இசை, கீழே மக்கள், நடுவில் இவர் ஒரு சுமைதூக்கி. சாதிப் படிநிலையை அப்படியே இசைக்குள் இறக்கி வைத்த வாக்கியம் இது.

நடந்தது என்ன? 1943ல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். இன்று தேனி மாவட்டம், 1996 வரை நம் மதுரை மாவட்டம். அவருடைய முதல் இசைப்பள்ளி, அண்ணன் பாவலர் வரதராசனின் கம்யூனிஸ்ட் பிரச்சார மேடை. ஊர் ஊராகப் போய் உழைக்கும் மக்கள் முன்னால் ஆர்மோனியத்தோடு கற்ற இசை அது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை என்று தேடித் தேடிப் படித்தார். 1976ல் 'அன்னக்கிளி' நாட்டுப்புற மெட்டோடுதான் தமிழ்நாட்டைப் பிடித்தது.

'சிந்து பைரவி'யில் (1985), காம்போதியில் பாடப்பட்டு வந்த தியாகராஜர் கீர்த்தனை ஒன்றைச் சாரமதிக்கு மாற்றினார். ஒரு நாட்டுப்புறப் பாட்டு வளர்ந்து வளர்ந்து அந்தக் கீர்த்தனையில் போய்ச் சேரும். இடையில் ஏணி எதுவும் இல்லை. அதற்குத்தான் தேசிய விருது. 'ரமண மாலை'யில் தானே எழுதி, மெட்டமைத்து, பாடியும் இருக்கிறார்.

"எல்லாம் கடவுள் கொடுத்த வரம்" என்பது அடுத்த தந்திரம். அவர்கள் வீட்டுப் பிள்ளை பாடினால் சாதகம், பாரம்பரியம். நம் வீட்டுப் பிள்ளை பாடினால் வரம். அவர் படித்த படிப்பு எங்கே போயிற்று?

அவர் எங்களுக்குத் தலைவர் அல்ல. 2022ல் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையை அன்றும் எதிர்த்தோம், இன்றும் எதிர்க்கிறோம். ஆனால் விமர்சனம் என்ற பெயரில் அவர் பிறப்பை இழுத்தவர்களோடு ஒருபோதும் நிற்க மாட்டோம். "உன் சாதியைச் சொல்" என்று அவரை நெருக்கவும் யாருக்கும் உரிமையில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழா. எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் பறை அடிக்க அனுமதி கேட்டார்கள். "அது சாவுக்கு அடிக்கிறது, வேற ஏதாவது செய்யுங்க" என்று பதில் வந்தது. அன்று மாலை அதே மேடையில் நான்கு நடனங்கள், நான்கும் இளையராஜா பாட்டுக்கு.

தோழர்களே, அவரைக் கொண்டாடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மேடையில் பறைக்கு இடம் உண்டா, இல்லையா?