மாநிலமும் மாநகரமும் மாறின, மாறாத "மதராஸ்'

புது தில்லி: "மதராஸ்' மாநிலம் தமிழ்நாடாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மாநகரம் 1996-இல் சென்னையாயிற்று. எனினும் தலைநகர் தில்லியில் அந்தப் பழைய பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. சட்ட ஆவணங்களில் ஒரு பொருளில், தெருக்களில் வேறொரு பொருளில்.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் பெற்றபோது மதராஸபட்டினம் கடலோரச் சிற்றூர். கம்பெனியின் ஆட்சி விரிந்தபோது ஊரின் பெயரும் உடன் விரிந்தது. கஞ்சம் முதல் திருநெல்வேலி வரையிலும், மேற்கே மலபார், தென் கன்னடம் வரையிலும் பரந்த மாகாணத்துக்கு அதுவே பெயரானது. 1857-இல் பல்கலைக்கழகம், 1862-இல் உயர் நீதிமன்றம், பின்னர் 1959-இல் ஐஐடி என நிறுவனங்கள் அப்பெயரைப் பெற்றன. ராணுவத்தில் மதராஸ் ரெஜிமென்ட் இன்றும் உள்ளது.

மாகாணத்தின் பெயர் மக்கள்மீதும் படிந்தது. தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் என்ற வேறுபாடின்றி, தெற்கிலிருந்து வந்தோர் அனைவரும் வடக்கே "மதராஸி' ஆயினர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. மதராஸின் நிலப்பரப்பு சுருங்கியது. மதராஸி என்ற சொல்லின் எல்லை சுருங்கவில்லை.

மாநிலத்தின் பெயரை மாற்றுவதே எளிதாக இருக்கவில்லை. அக்கோரிக்கையை உள்ளடக்கி உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் 1956-இல் உயிர் நீத்தார். மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை ஆதரித்து 1963-இல் அண்ணா பேசியும் அது நிறைவேறவில்லை. 1967 ஜூலை 18-இல் சட்டப்பேரவை தீர்மானம் இயற்றிய பிறகே நாடாளுமன்றம் 1968-இல் சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14-இல் அது நடைமுறைக்கு வந்தது.

நிறுவனங்களின் நிலை வேறு. உயர் நீதிமன்றத்தின் பெயரை மாற்றத் தனிச் சட்டம் தேவை. இதற்கென 2016 ஜூலையில் மத்திய அரசு மக்களவையில் மசோதா அறிமுகம் செய்தது. மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று உயர் நீதிமன்றங்களுக்கும் நகரங்களின் புதிய பெயர்களைச் சூட்டுவதே அதன் நோக்கம். தமிழகமோ "தமிழ்நாடு உயர் நீதிமன்றம்' என்ற பெயரை வலியுறுத்தியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் பெயர் மாற்றத்தையே ஏற்கவில்லை. 2019-இல் 16-ஆவது மக்களவையின் காலம் முடிந்தபோதும் மசோதா நிறைவேறியிருக்கவில்லை.

தமிழகத்தின் வாதத்தில் நியாயம் உண்டு. மதுரைக் கிளையையும் கொண்டு மாநிலம் முழுமைக்கும் நீதி வழங்கும் மன்றத்துக்கு ஒரு நகரின் பெயர் எதற்கு? ஆனால் புதுச்சேரியும் அதன் வரம்பில் உள்ளதே என்ற எதிர்க்கேள்வியும் எழும். தமிழில் நாம் நெடுங்காலமாகவே சென்னை உயர் நீதிமன்றம், சென்னைப் பல்கலைக்கழகம் என்றுதான் எழுதி வருகிறோம். எனவே, இது பெரும்பாலும் ஆங்கிலப் பெயரைப் பற்றிய சர்ச்சை. பழம்பெயரால் கிடைக்கும் மதிப்பை இழக்க நிறுவனங்களுக்கும் மனமில்லை. 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் தொடங்கப்பட்ட ஐஐடி வளாகம்கூட மதராஸ் பெயரையே தாங்கியுள்ளது.

தில்லியில் அதே பெயருக்கு அந்த மதிப்பு இல்லை. ஜங்புரா பகுதியில் பாராபுல்லா வடிகாலையொட்டித் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்த குடியிருப்பு "மதராஸி கேம்ப்'. வடிகாலை ஆக்கிரமித்திருந்ததாகக் கூறி, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-இல் சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. நகரின் ஓரத்திலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி 189 குடும்பங்களுக்கே உண்டு எனக் கணக்கிடப்பட்டது. நீதிமன்ற ஆவணங்களிலும் அக்குடியிருப்பின் பெயர் மதராஸி கேம்ப்தான்.

உயர் நீதிமன்றப் பெயர் மசோதா மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வரலாம். எந்தப் பெயர் என்பதில் இணக்கமும் ஏற்படலாம். பெயர்ப்பலகையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆனால் "மதராஸி' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பெயரைவிடப் பெரிய கவலை, இழந்த வீட்டுக்கு மாற்று எங்கே என்பதுதான்.