அடுத்தவன் அளவுல தைச்ச டிஃபென்ஸ்

கபடியைப் பத்தி ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன். ஆபீஸ்ல ரிலீஸ், அது இதுன்னு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. எங்க ஊர்ப்பக்கம் (திருப்பூர், அவினாசி, பல்லடம் சுத்துவட்டாரம்) நடக்கற மின்னொளி கபடிப் போட்டிகள்ல நாலஞ்சைத் தொடர்ந்து பார்த்த பிறகு, இனிமேலும் எழுதாம இருந்தா தலை வெடிச்சிரும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்குங்க.

சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. நம்ம ஊர் டீமுங்க மண்ணுல ஜெயிச்சுட்டு, மேட் விரிச்ச பெரிய போட்டிக்குப் போனா முதல் ரவுண்டுலயே பெட்டியைக் கட்டறாங்க. "நல்ல ரைடர் இல்லைங்க, அதான்" அப்படிங்கறாங்க. எனக்கு அப்படித் தோணலை. நம்மகிட்ட இருக்கற பசங்களுக்கும், போற இடத்து விதிக்கும் பொருந்தாத ஒரு டிஃபென்ஸை டிவியில பார்த்து அப்படியே மாட்டிக்கறதுதான் பிரச்சினை. அடுத்தவன் அளவுல தைச்ச பனியனை நம்ம பையனுக்குப் போட்டா எப்படி இருக்கும்? அதே கதைதான்.

முதல்ல, மண்ணுக்கும் மேட்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்துருவோம். (கபடி தெரிஞ்சவங்க இந்த நாலு பத்தியைத் தாண்டிப் போயிரலாம்.)

மண்ணுல வெறுங்காலோட ஆடறோம். மேட்ல ஷூ. பாடி வர்றவனுக்குக் கால் வழுக்காது, சட்டுனு திரும்புவான். மண்ணுல அவன் ஒரு அடி எடுத்து வச்சு வேகத்தை நிறுத்தற நேரத்துல நம்ம ஆள் பாய்ஞ்சு பிடிச்சிருவான். மேட்ல அந்த அரை நொடி கிடைக்காது. அதே சமயம் மேட்ல நமக்கும் ஒரு லாபம் இருக்கு. மண்ணுல கார்னர் பையன் கணுக்காலுக்கு டைவ் அடிக்க யோசிப்பான், முட்டித்தோல் உரிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போக முடியாது. மேட்ல தைரியமா விழலாம்.

அடுத்தது விதி. ப்ரோ கபடியில ஒரு ரைடு 30 நொடி. ரெண்டு ரைடு தொடர்ந்து வெறுங்கையோட திரும்பினா, மூணாவது ரைடுல பாயிண்ட் எடுத்தே ஆகணும், இல்லைன்னா பாடி வந்தவன் அவுட். இதைத்தான் டூ ஆர் டை ரைடுன்னு சொல்றாங்க. இப்ப இந்த விதி கீழ்மட்டப் போட்டிகளுக்கும் இறங்கி வந்துருச்சு.

இந்த ஒரு விதி டிஃபென்ஸோட கணக்கையே தலைகீழா மாத்திருது. முதல் ரெண்டு ரைடுல யாரையும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தொடவிடாம, போனஸ் எடுக்கவிடாம பார்த்துக்கிட்டா போதும். மூணாவது ரைடுல அவனே கிட்ட வந்தாகணும். அப்ப பிடிக்கலாம். ஆனா நம்ம பசங்க என்ன பண்றாங்க? மண்ணுல ஆடின பழக்கத்துல முதல் ரைடுலயே "புடிடா"ன்னு நாலு பேர் பாயறாங்க. வந்தவன் ஒரு துள்ளு துள்ளி ரெண்டு பேரைத் தொட்டுட்டுப் போயிட்டே இருக்கான்.

இன்னொண்ணு சூப்பர் டேக்கிள். களத்துல மூணு பேரோ அதுக்குக் குறைவாவோ இருக்கும்போது பிடிச்சா ரெண்டு பாயிண்ட். ஏழு பேர் இருக்கும்போது பிடிச்சா ஒண்ணு. அப்ப மூணு பேர் மிச்சம் இருக்கற நிலைமைக்குன்னே தனியா பயிற்சி எடுக்கணுமா வேண்டாமா? நான் பார்த்த ஊர் டீமுல ஒண்ணுகூட அதைச் செய்யலை. மூணு பேர் ஆனதும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆல் அவுட்டுக்குக் காத்திருக்காங்க.

சரி, பெரிய இடத்துல இது எப்படி நடந்துச்சுன்னு பார்ப்போம். நம்ம தமிழ் தலைவாஸை விட நல்ல பாடம் கிடைக்காது.

ப்ரோ கபடி லீக் 2014ல எட்டு டீமோட தொடங்குச்சு. தலைவாஸ் உள்ள வந்தது 2017ல, அஞ்சாவது சீசன்ல. மத்தவங்க நாலு சீசன் ஆடி செட் ஆகியிருந்த லீக்குக்குள்ள புது ஆளா நுழைஞ்சாங்க. கேப்டன் அஜய் தாக்கூர், லேசுப்பட்ட ரைடர் இல்லை. ஆனாலும் 2017ல தங்களோட ஜோன்ல கடைசி, 2018லயும் ஜோன்ல கடைசி. 2019ல ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர்னு பேரைக் கேட்டாலே விசில் அடிக்கற கூட்டம். என்ன ஆச்சு? பன்னிரண்டு டீம்ல பன்னிரண்டாவது!

இப்ப 2022க்கு வாங்க. பவன் ஷெராவத்தை 2.26 கோடி குடுத்து எடுத்தாங்க. எல்லாரும் இந்த முறை கப்பு நமக்குத்தான்னு சொன்னாங்க. முதல் மேட்ச்லயே முட்டியில அடிபட்டு சீசன் முழுக்க அவர் ஆட முடியாமப் போச்சு. சீசன் தொடங்கின கொஞ்ச நாள்ல கோச்சும் மாறி ஆஷன் குமார் வந்தார். முடிஞ்சது கதைன்னுதான் எல்லாரும் எழுதினாங்க.

ஆனா அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் முறையா பிளேஆஃபுக்குப் போனாங்க. லீக்ல அஞ்சாவது இடம், எலிமினேட்டர்ல யு.பி.யை டைபிரேக்கர்ல சாய்ச்சாங்க, செமி ஃபைனல்ல புனேரி பல்தான்கிட்ட ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல (37-39) தோத்தாங்க.

எப்படி? ரைடுல புதுப்பையன் நரேந்தர் அசத்தினார், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த டீமோட முதுகெலும்பு பின்னாடி நின்னவங்க. வலது கார்னர்ல சாகர், இடது கார்னர்ல சாஹில் குலியா, கவர்ல எம். அபிஷேக் (நம்ம தமிழ்நாட்டுப் பையன்), மோஹித். சாகர், சாஹில், அபிஷேக் மூணு பேரும் அதுக்கு முந்தின சீசன்லயே இதே டீம்ல ஆடினவங்க. அந்த சீசன்ல டீம் பதினோராவது இடம், ஆனா சாகர் மட்டும் 82 டேக்கிள் பாயிண்ட். அதாவது வெளியில இருந்து ஆள் கொண்டு வரலை. இருக்கற பசங்க யாருக்கு எது கைவரும்னு பார்த்து, அவங்களைச் சேர்ந்தே நிக்க வச்சாங்க. கார்னர் எப்ப முன்ன போவான், கவர் எப்ப மூடுவான்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியும். அது ஏலத்துல கிடைக்கற சமாச்சாரம் இல்லை.

அடுத்த சீசன்ல அதே தலைவாஸ் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கினாங்களே, அதுக்கு என்ன சொல்றேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நம்ம டிஃபென்ஸ் எப்படி நிக்குதுன்னு ஒரு சீசன் முழுக்க வீடியோவுல பார்த்துட்டு வர்ற லீக் அது. ஒருதரம் தைச்சதை வருஷாவருஷம் பிரிச்சுத் தைக்கணும். அதனால என் வாதம் பலவீனமாகலை, இன்னும் பலமாகுதுன்னுதான் நினைக்கிறேன்.

உலக அளவுல பார்த்தா ஈரான். மல்யுத்தம் ஊறின நாடு. அங்க கபடிக்கு வந்தவங்க, நம்மள மாதிரி துள்ளித் துள்ளி ரைடு போறதைக் காப்பியடிச்சு நேரத்தை வீணாக்கலை. தங்களுக்கு என்ன வரும்? கிட்ட வந்தவனைக் கட்டி அமுக்க வரும். அதைச் சுத்தி டிஃபென்ஸைக் கட்டினாங்க. 1990ல இருந்து 2014 வரைக்கும் ஆசிய விளையாட்டுல தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கின இந்தியாவை, 2018 ஜகார்த்தா செமி ஃபைனல்ல 27-18னு சாய்ச்சாங்க. அன்னிக்கு இந்தியாவுக்குக் கேப்டன் நம்ம தலைவாஸ் கேப்டன் அஜய் தாக்கூரேதான். அந்த ஊர்ல இருந்து வந்த டிஃபெண்டர் முகமதுரேசா ஷாத்லூயியை 2023 ஏலத்துல புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தாங்க. பிடிக்கறவனுக்கு மதிப்பு இல்லைன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இங்க பணம் எங்க போகுது? ஒரு பனியன் கம்பெனி முதலாளி பெரிய மனசு பண்ணி டீமுக்கு ஸ்பான்சர் பண்றார். டீ-ஷர்ட், ஷார்ட்ஸ் அவங்க கம்பெனியிலயே தைச்சு வந்துரும். (குவாலிட்டி சூப்பர், அதுல குறை சொல்ல முடியாது.) மிச்சப் பணத்துல வெளியூர்ல இருந்து ரெண்டு கெஸ்ட் ரைடரைக் கூட்டிட்டு வர்றாங்க. அவங்க சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கறாங்க, ஞாயித்துக்கிழமை ஆடறாங்க, கவரை வாங்கிக்கிட்டுக் கிளம்பறாங்க. ரைடு தனியாப் போற வேலை, அதனால ஒரு நாள்ல வந்து ஆடிட்டுப் போயிரலாம். ஆனா டிஃபென்ஸ் சேர்ந்து செய்யற வேலை. கெஸ்ட் ரைடர் ரெண்டு பேரும் டிஃபென்ஸ் பண்ணும்போதும் களத்துல நிக்கணுமே? அவங்களுக்கும் நம்ம பசங்களுக்கும் நடுவுல ஓட்டை. எதிர் டீம் ரைடர் நேரா அந்த ஓட்டையைத் தேடித்தான் வர்றான்.

நம்ம பசங்களோட நிலைமையையும் பாருங்க. ஒருத்தன் டெய்லர், ஒருத்தன் செக்கிங், ஒருத்தன் சாயப்பட்டறையில ஈரத்துணி தூக்கறான், ரெண்டு பேர் காலேஜ். ஷிப்ட் முடிஞ்சு வரவே ராத்திரி எட்டு, எட்டரை ஆயிரும். ஷிப்மென்ட் நேரம்னா அதுவும் இல்லை, விடிய விடிய வேலை. ஏழு பேரும் ஒண்ணாச் சேர்ந்து பயிற்சி எடுக்க வாரத்துக்கு ரெண்டு ராத்திரி கிடைச்சாப் பெருசு. ப்ரோ கபடி ஆளுங்க மாசக்கணக்குல கேம்ப் போட்டு, ஜிம், டயட், பிசியோன்னு இருந்து ஆடறதை, நம்ம பசங்க டிவியில பார்த்து ஆடினா எப்படி?

அதனால என்ன பண்ணலாம்? என் அறிவுக்கு எட்டினது:

ஒண்ணு. பத்து வகைப் பிடி வேண்டாம், மூணு போதும். யாருக்கு எது வரும்னு முதல்ல பாருங்க. குட்டையா, கையில வலுவோட இருக்கறவன் கார்னர்ல நின்னு கணுக்காலைப் பிடிக்கட்டும். உடம்பு கனமா இருக்கறவன் கவர்ல நின்னு குறுக்க மறிக்கட்டும். டேஷ் அடிச்சு வெளிய தள்ளறது டிவியில பார்க்க ஜோராத்தான் இருக்கும். அறுபது கிலோ பையன் எண்பது கிலோ ஆளை டேஷ் அடிச்சா வெளிய போறது யாருன்னு நான் சொல்லத் தேவையில்லை :-)

ரெண்டு. முதல் ரெண்டு ரைடுல பொறுமை. பின்கோட்டுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க, கார்னர் தானா முன்ன பாயக்கூடாது. மூணாவது ரைடுல மட்டும் வேட்டை. ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ஆடற உடம்புக்கு இந்த முறை தெம்பையும் மிச்சப்படுத்தும்.

மூணு. மூணு பேர் மட்டும் நிக்கற நிலைமைக்குத் தனிப்பயிற்சி. இதுல ஒரு வசதி, ஏழு பேரும் வராத ராத்திரியிலயும் இதைச் செய்யலாம். ஓவர்டைம்னு நாலு பேர் வரலையா? வந்த மூணு பேரை நிக்க வச்சு சூப்பர் டேக்கிள் பழகுங்க.

நாலு. இது கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்றேன். இன்னிக்கு நம்ம ஊர்ல வேலை செய்யற இளவட்டத்துல பீகார், ஒடிசாப் பசங்க எவ்வளவு பேர் இருக்காங்கன்னு பழைய பஸ் ஸ்டாண்டுல ஒரு ஞாயித்துக்கிழமை நின்னு பார்த்தாத் தெரியும். அதுல கபடி தெரிஞ்ச பையன் இருந்தா டீமுல சேருங்க. ஒரு நாள் வந்துட்டுப் போற கெஸ்ட் ரைடரை விட, உங்க தெருவுலயே குடியிருக்கற அவன் எந்த விதத்துல வெளியூர்க்காரன்? பாஷை பிரச்சினைன்னு சொல்லாதீங்க. டிஃபென்ஸ்ல ரெண்டு ரெண்டு பேராக் கை கோத்துத்தான் நிக்கறோம். கையை ஒருதரம் அமுக்கினா முன்ன, ரெண்டு தரம் அமுக்கினா பின்னன்னு பழகிட்டா தமிழும் வேண்டாம், இந்தியும் வேண்டாம்.

இதுக்கு ஒருத்தர் நேர்லயே பதில் சொன்னார்: "தம்பி, ஊர்ல ஜனம் ரைடைப் பார்க்கத்தான் வருது. நீ சொல்ற மாதிரி பின்னாடி ஒதுங்கி நின்னா எவன் கைதட்டுவான், எந்த முதலாளி பணம் தருவான்?" அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. போர்டுல பேர் போடற ஸ்பான்சருக்குக் கூட்டம் வேணும். ஆனா கடைசி நிமிஷத்துல, ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்துல, மூணு பேர் சேர்ந்து ஒருத்தனை அமுக்கும்போது மைதானத்துல எழும்பற சத்தத்தை நீங்க கேட்டிருப்பீங்க. அதுக்குக் கைதட்டாத ஜனத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஒரு கப்புக்காக மட்டும் சொல்லலை. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல இந்தியக் கபடி அணிகள் ரெண்டும் தங்கம் வாங்குச்சு. ஒண்ணுல கண்ணகி நகர் கார்த்திகா, இன்னொண்ணுல வடுவூர் அபினேஷ். அந்த மாதிரி பசங்க நம்ம பக்கமும் இருக்காங்க. ஆனா தேர்வாளர் உட்கார்ந்து பார்க்கறது மேட் போட்டியைத்தான். முதல் ரவுண்டுல தோத்து வீட்டுக்கு வந்துட்டா, நம்ம கார்னர் பையனை யாரும் பார்க்கறதே இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு காலேஜ் சீட்டோ, போலீஸ் வேலையோ கிடைச்சிருக்க வேண்டியவன் வாழ்நாள் முழுக்க சிங்கர் மெஷின்லயே உட்கார்ந்துருவான். (மெஷின் வேலை கேவலம்னு சொல்லலை. வேற வழியும் இருந்திருக்கணும்னு சொல்றேன்.)

டிஃபெண்டருக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கு, ஆயுசு. 1975ல பிறந்த நம்ம தர்மராஜ் சேரலாதன் 2016ல பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனா கப்பு தூக்கினார், 2019லயும் லீக்ல ஆடினார். நாற்பது தாண்டினப்புறமும் கணுக்காலைப் பிடிச்ச மனுஷன்! இவரை மாதிரி ஒருத்தரை முன்மாதிரியா வச்சுக்கிட்டு, இன்னும் ரைடருக்கு மட்டும் கவர் குடுத்துக்கிட்டு இருந்தா எப்படிங்க?

ஸ்பான்சர் பண்ற முதலாளிமார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் அந்த ரெண்டு கெஸ்ட் ரைடர் காசை, நம்ம ஏழு பசங்களுக்கு வாரம் ரெண்டு ராத்திரி ஓவர்டைம் இல்லாம விடறதுக்கும், ஒரு பழைய மேட் வாங்கறதுக்கும் செலவு பண்ணிப் பாருங்க.

உங்க ஊர்ல டீமுங்க எப்படி ஆடறாங்க? தஞ்சாவூர், தூத்துக்குடி, திண்டுக்கல் பக்கத்துப் பதிவர்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சரி, கபடியைப் பத்தித் திட்டுங்க.

டிஸ்கி: நான் பாடிப் போனா பத்து நொடிகூடத் தாங்க மாட்டேன். அதுக்காகக் கருத்து சொல்லக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லையே!