அப்பாவுக்கு ஏன் தனிப் பீங்கான்?

போன ஸ்டடி லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. ரெயின்கோட்டைத் தேடி சீற்றைத் தூக்கினால், உள்ளே கசங்கிய கடதாசிப் பைகள் மூன்று கிடந்தன. எல்லாம் எண்ணெய் ஊறியவை. யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணக்குச் சோதனைப் பேப்பரில் ஒட்டின பை. பேக்கரியில ரோல்ஸும் பற்றிஸும் போட்டுத் தாற அதே பை.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டு தெரிய வந்து இரண்டு வருஷம். வீட்டில் அவர் ரோல்ஸைத் தொடுவதில்லை. நாங்கள் தொட விடுவதில்லை எண்டு சொல்லுறதுதான் சரி.

பைகளை எடுத்து எறிந்துவிட்டு அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்டைக்கு வீட்டில பெரிய சண்டை. ஆனால் அந்த மனிசன் ஏன் ஒளிச்சுச் சாப்பிடுகிறார் என்ற கேள்வி மட்டும் போகவில்லை. பதில் எங்கட தேத்தண்ணி நேரத்திலேயே இருந்தது. நாலரை மணிக்கு எல்லாருக்கும் வடையும் பிளேன் ரீயும் வரும். அப்பாவுக்கு மட்டும் தனிப் பீங்கானில் இரண்டு கிரீம் கிறாக்கர், சீனி போடாத தேத்தண்ணி. நாங்கள் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு சாப்பிடுவம். அவர் பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கொள்ளுவார். கிரீம் கிறாக்கரும் கோதுமை மாவும் எண்ணெயும் உப்பும்தான் என்பதை அந்த இரண்டு வருஷத்தில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. தனியா வைச்சால் அது மருந்து எண்டு நினைச்சிட்டம் போல.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டில் விருப்பமான சிற்றுண்டியை எண்ணெய் குறைத்து, உப்பு குறைத்து, மரக்கறி கூட்டிச் செய்வது நல்ல விஷயம். ஆனால் அது வருத்தக்காரருக்கு மட்டும் செய்கிற சாப்பாடாக இருக்கக் கூடாது. வீடு முழுக்கச் சாப்பிடுகிற சாப்பாடாக மாறினால்தான் அது நிலைக்கும். இல்லாவிட்டால் ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே பைகள் சேரும்.

முதலில் நான் விட்ட பிழைகளைச் சொல்லுறன். ஆர்வக்கோளாறில் அந்த லீவிலேயே சமையலுக்கு இறங்கினேன். முதல் பரிசோதனை அவணில் வைத்த உழுந்து வடை. வெளியே காய்ந்து, உள்ளே களியாக, நடுவில் ஓட்டை போட்ட பணிஸ் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. உழுந்து வடையின் மொறுமொறுப்பு சூடான எண்ணெய் கொடுப்பது. அதை அவண் கொடுக்காது. “சுவையில வித்தியாசமே தெரியாது” எண்டு வீடியோக்களில் சொல்லுறவையை அண்டையோட நம்புறதை விட்டிட்டன்.

இரண்டாவது பிழை, சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி. பனங்கட்டி எங்கட மண்ணின் பொருள், மணமும் தனி மணம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதிலும் பெரும்பகுதி சீனிதான். எள்ளுருண்டைக்குப் பனங்கட்டி போட்டால் அது சீனி வருத்தக்காரருக்கு ஏற்றதாக மாறிவிடாது. தேனும் அப்படித்தான். குரக்கன் மாவிலும் நார்ச்சத்து கூட இருக்கே தவிர மாச்சத்து இல்லாமல் இல்லை. “குரக்கன் தானே” எண்டு இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டு இறக்கினால் கணக்கு ஒன்றுதான். பொருளை மாற்றுவதைவிட அளவை மாற்றுவதுதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. அது கேட்கக் கவர்ச்சியாக இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது எங்கள் எல்லாருடைய பிழை: பாவற்காய்ச் சலாட். பாவற்காய் சீனிக்கு நல்லது எண்டு அம்மா கிழமைக்கு இரண்டு தரம் செய்தா. எப்படி? மெல்லிசாக வட்டமாக வெட்டி, தாச்சி நிறைய எண்ணெயில் பொரித்து, பிறகு வெங்காயமும் பச்சை மிளகாயும் தக்காளியும் தேசிக்காயும் சேர்ப்பது. பெயர் சலாட். மெல்லிய துண்டுகள் எண்ணெயைப் பஞ்சு மாதிரிக் குடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அந்தச் சலாட்டின் ஒரு பங்கில் எத்தனை மேசைக்கரண்டி இருந்திருக்கும் எண்டு யோசிக்கவே பயமாக் கிடக்கு.

சரி, சரிவந்தவை எவை?

பாவற்காயிலிருந்தே தொடங்குவம். மெல்லிசாக வெட்டி, கொஞ்சம் உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கால் மணித்தியாலம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். அகலமான தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, குறைந்த நெருப்பில் இடைக்கிடை பிரட்டிக்கொண்டிருந்தால் இருபது நிமிடத்தில் ஓரம் கருகிச் சிவந்து வரும். வெங்காயம், தக்காளி, மாசித்தூள், தேசிப்புளி எல்லாம் சாப்பிட இருக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முதலே சேர்த்தால் நைந்து போகும். பொரித்த அளவுக்கு மொறுமொறுப்பு இல்லை. ஆனால் பாவற்காயின் சுவை இதில்தான் தெரிகிறது.

ரோல்ஸ். இதில் மூன்று இடத்தில் பாரம் ஏறுகிறது: உள்ளே உருளைக்கிழங்கு, வெளியே பாண்தூள், பிறகு பொரிக்கிற எண்ணெய். கிழங்கைப் பாதியாகக் குறைத்து, லீக்ஸ், கரட், கோவாவைக் கூட்டி, ரின்மீனோடு நன்றாக வதக்கினோம். தண்ணி வற்ற வதக்காவிட்டால் உறை கிழிந்துவிடும். பாண்தூளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் முதலே பொன்னிறமாக வறுத்து எடுத்தோம். சுருட்டிய ரோல்ஸை முட்டையில் தோய்த்து இந்தத் தூளில் பிரட்டித் தோசைக்கல்லில் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிச் சூடாக்கினால் போதும். அவண் தேவையில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எயார் பிரையர் வாங்கவும் தேவையில்லை. தங்கச்சி “இது ரோல்ஸ் இல்லை, ரோல்ஸின்ர மச்சான்” எண்டாள். ஆனால் நாலு சாப்பிட்டாள்.

கடலை வடைக்குப் பணியாரச் சட்டி. ஒவ்வொரு குழிக்கும் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு மூடிச் சுட்டால் வெளியே மொறுமொறுப்பு வருகிறது. பருப்பை ஒன்றிரண்டாக அரைப்பதும், வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் தாராளமாகப் போடுவதும் முக்கியம். உழுந்து வடையை மட்டும் நான் விட்டுவிட்டேன். அது பொரித்தால்தான் வடை. பொங்கலுக்கும் வருஷத்துக்கும் நல்லாப் பொரிச்சே சாப்பிடுவம். எண்ணெயைச் சரியாகச் சூடாக்கி, ஒரே தரத்தில் நிறையப் போடாமல், முதல் நாள் பொரித்த கறுத்த எண்ணெயைப் பாவிக்காமல் செய்தால் சரி. எண்ணெய் சூடு குறைந்தால்தான் வடை அதிகமாக எண்ணெய் குடிக்கும்.

மயோனைஸ் போட்ட சலாட்டும் ஒரு மாயைதான். மயோனைஸின் பெரும்பகுதி எண்ணெய். அதற்குப் பதிலாகத் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்டு, மிஞ்சும் கட்டித் தயிரில் மிளகு, கொஞ்சம் கடுகு, உள்ளி, தேசிப்புளி சேர்த்தால் கரட்டுக்கும் கோவாவுக்கும் கெக்கரிக்காய்க்கும் அருமையாகப் பொருந்தும். உண்மையில் அதுவும் தேவையில்லை. வல்லாரைச் சம்பல் என்ன? பச்சை இலை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய். அது சலாட் இல்லாமல் வேறென்ன? பொன்னாங்காணிக்கும் இதே முறை. கடலையை இரவே ஊறப்போட்டு அவித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, சின்னச் சின்னத் தேங்காய்ச் சொட்டும் மாங்காயும் போட்டால் பின்னேரத்துக்குப் பேக்கரிப் பக்கம் போகத் தேவை வராது. உப்பில் மட்டும் கவனம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே, உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசிப்புளியும் மாங்காயும் இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

இனித்தான் சிக்கலான இடம். இதையெல்லாம் ஆர் செய்யிறது?

மூன்றாம் நாள் நான் அம்மாவிடம் போய் “இனிமேல் ஒவ்வொரு நாளும் ஒரு சலாட் வைக்க வேணும் அம்மா” என்றேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா: “சொல்லுறது லேசு தம்பி. வல்லாரையை ஆர் ஆயிறது? ஆர் கழுவி அரியிறது?” எனக்குப் பதில் வரவில்லை. பத்து நிமிஷச் சலாட் எண்டு வீடியோக்களில் காட்டும்போது வெட்டின மரக்கறியெல்லாம் கிண்ணங்களில் தயாராக இருக்கும். அதை வெட்டினது ஆர் எண்டு வீடியோ சொல்லாது. ஒரு கட்டு வல்லாரையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, மெல்லிசாக அரிய எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. அம்மாவுக்கு இருபது நிமிடம். பேக்கரிக்குப் போய்வரப் பத்து நிமிடம்.

ஆரோக்கியமான சாப்பாடு பற்றி எங்கட வயதுக்காரர் எழுதுறதில் அனேகமா விடுபட்டுப் போறது இந்தக் கணக்குத்தான். கம்பஸில் இருந்து புதுச் சொற்களோடு வீட்டுக்குப் போறம். “காப்ஸ்” எண்டுறம், “கலோரி” எண்டுறம். அதோட அம்மாவுக்கு இன்னொரு மணித்தியால வேலையைக் கூட்டிவிட்டு வாறம். பெண்களின் வீட்டு உழைப்பைப் பற்றி அசைன்மன்ற் எழுதி ‘ஏ’ எடுத்த நான்தான் அம்மாவிடம் சலாட் கேட்டு நின்றேன். ஆகவே எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: வீட்டில் எண்ணெய் குறைக்கச் சொல்கிறவர் கத்தியை எடுக்க வேண்டும். அப்பாவும்தான். வெங்காயம் உரிக்கச் சீனி வருத்தம் ஒரு தடையில்லை.

காசுக் கணக்கும் இருக்கிறது. ஒலிவ் எண்ணெயும் அவகாடோவும் வைத்துச் சொல்லப்படுகிற ஆரோக்கியம் எங்கள் வீடுகளுக்கு வராது. 2021 ஏப்ரலில் பாம் ஒயில் இறக்குமதியைத் தடைசெய்ததும், 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் வேறு வழியில்லாமல் எண்ணெயைக் குறைத்த வீடுகள் எத்தனையோ. இல்லாமையால் குறைப்பதையும் விரும்பிக் குறைப்பதையும் ஒன்றாக்கி “அந்தக் காலம் நல்லது” எண்டு பேச எனக்கு விருப்பமில்லை. நான் சொல்வது சின்ன விஷயம்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் முடிகிற சமையல் பணப்பைக்கும் பாரமில்லை.

வீடு மட்டும் திருந்தினால் போதாது என்பதும் உண்மை. 2016இலிருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸுக்கு எந்த நிறமும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பசியோடு கன்ரீனுக்குப் போனால் பொரித்ததைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்காத இடங்கள்தான் கூட. அவித்த கடலை ஒரு கோப்பை வைத்தால் வாங்கமாட்டமா? நல்லூர்த் திருவிழாவில கச்சானுக்கும் கடலைக்கும் நிக்கிற சனத்தைப் பார்த்தவை அப்படிச் சொல்லமாட்டினம்.

நான் டொக்டர் இல்லை. அப்பாவின் மருந்தையும் அளவையும் கிளினிக்தான் தீர்மானிக்குது. எங்கட கையில் இருப்பது தேத்தண்ணி நேரம் மட்டும்.

திரும்பி வருவதற்கு முதல் நாள் பின்னேரம் தோசைக்கல்லில் சுட்ட ரோல்ஸ் பன்னிரண்டு. ஒரே தட்டில் நடுவில் வைத்தோம். கிரீம் கிறாக்கர் பீங்கானை அம்மா எடுக்கவில்லை. அப்பா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “கடையில மாதிரி வரேல்லை” என்றார். எந்தக் கடை எண்டு நான் கேட்கவில்லை. பிறகு வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்க வேணும் எண்டு அம்மாவோட வாதாடத் தொடங்கினார். ஒண்டு போதும் எண்டு அம்மா சொன்னா. ஒண்டரை சாப்பிட்டார். அண்டைக்குப் பேப்பர் விரிக்கப்படவில்லை.

ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே அதற்குப் பிறகு பை இருந்ததா எண்டு நான் பார்க்கவில்லை. பார்க்கப் போறதும் இல்லை. அடுத்த லீவுக்குப் போகும்போது வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் வதக்கிப் பார்க்க வேணும். வெட்டித் தாறது அப்பா எண்டு ஏற்கனவே சொல்லியாச்சு.