நாவின் நினைவு

நாவுக்கும் நினைவுண்டு என்றால் நண்பர்கள் நகைக்கலாம். என் பாட்டனார் கதையைக் கேளுங்கள்.

சாத்தம் மரமறுப்பு ஆலையில் வேலை கிடைத்து, அவர் சென்னையில் கப்பலேறினார். முதல் நாள் மாலை, கட்டிச் சென்ற தயிர்ச்சோற்றோடு, அதுவரை உண்டறியாத மீன் கட்லெட்டையும் உண்டார். இரவில் அலை எழுந்தது, வயிறு புரண்டது. கரையிறங்கியதும் தயிர்ச்சோற்றை விரும்பியே உண்டார். கட்லெட்டையோ முப்பது ஆண்டுகள் தொடவில்லை! குற்றம் கடலுடையது என்பதை அவர் அறிவார். அவர் நா அறியவில்லை.

1955-இல் அமெரிக்க அறிஞர் ஜான் கார்சியாவும் அவர்தம் தோழர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புநீர் கொடுத்து, காமாக் கதிரையும் செலுத்தினர். பின்னர் அவ்வெலிகள் இனிப்புநீரை வெறுத்தன. உடல் நலிந்தால், கண்ட ஒளியையும் கேட்ட ஒலியையும் விட உண்ட சுவையையே எலி ஐயுறுகிறது என்பது 1966-இல் தெளிவாயிற்று. உண்டு சில மணி கழிந்து குமட்டினாலும், ஒரே முறை நேர்ந்தாலும் போதும். பழகிய உணவு பெரும்பாலும் தப்பிவிடும். புதிய உணவே பழி சுமக்கும். நஞ்சிலிருந்து உயிரைக் காக்க இயற்கை வைத்த காவல் இது. ஆனால் காவலன் சிலவேளை கள்வனை விட்டு வழிப்போக்கனைப் பிடிக்கிறான்!

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர்க்கு இது வேடிக்கையன்று. விரும்பிய உணவே வெறுத்துப்போகும். மருந்துக்கு முன் உண்ட புதுச்சுவைப் பனிக்கூழைக் குழந்தைகள் பின்னர் ஒதுக்கியதை ஐலீன் பெர்ன்ஸ்டைன் 1978-இல் காட்டினார். 1987-இல் வெளிவந்த ஆய்வில், உணவுக்கும் மருந்துக்கும் இடையே புதுச்சுவை மிட்டாய் கொடுத்தனர். பழி மிட்டாய்மேல் விழுந்தது. உணவைப் பின்னர் ஏற்ற குழந்தைகள் மிகுந்தனர். எத்துணை எளிய வழி!

விடுதியில் ஒருவன் கத்தரிக்காயை ஒதுக்கினால் ‘வீம்பு’ என்று எள்ளுகிறோம். அது முறையன்று. அவன் நா பட்டதை நாம் அறிவோமா? அதற்காக அவ்வெறுப்பு தீராதது என்றும் எண்ண வேண்டா. உடல் நலமாயிருக்கும் வேளையில், சிறிது சிறிதாக, பலமுறை சுவைத்துக் குமட்டல் வராதிருந்தால் பழைய அச்சம் தளரும். வற்புறுத்தல் மட்டும் ஆகாது. அவ்வுணவே உடலுக்கு ஒவ்வாததாயின் மருத்துவர் சொல்லே முடிவு.

பாட்டியார் வற்புறுத்தவில்லை. கட்லெட் செய்யும் நாளெல்லாம் ஒரு விள்ளலைப் பாட்டனார் தட்டின் ஓரத்தில் வைப்பார்; வாய் திறவார். முதலில் முகர்ந்தார், பின்பு நுனி நாவில் வைத்தார். ஓராண்டு சென்று ஒருநாள், “இன்னொன்று உண்டா?” என்றார்.

நண்பர்களே, அடுத்த வேளை பந்தியில் அந்தப் பாட்டியாரை நினையுங்கள்!